குரோமோஸோம் என்ற தலையெழுத்து

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் எட்டுப் பேர் கூடிக் கவிதை வாசித்தோம். வாசித்து முடிந்தபின் வழக்கம்போல் சர்ச்சை. பெண் எழுத்துக்கென்று தனி மொழி உண்டா என்று ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் எங்கெங்கோ போய், கடைசியில் எங்களில் மூத்தவரான விமர்சகர் கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னார்: "எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண். இது விஞ்ஞானம். இதற்குமேல் பேசுவதெல்லாம் கவிதை." கவிதை என்ற வார்த்தையை அவர் உச்சரித்ததில் ஒரு இளக்காரம் இருந்தது. முப்பது வருஷமாகக் கவிதையைப் பற்றியே எழுதிவந்தவருக்கு, ஒரு விவாதத்தை முடிக்கவேண்டும் என்றதும் கவிதை என்பது பொய்க்கு மறுபெயராகிவிட்டது. யாரும் பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை. டீ வந்தது. குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன். நண்பரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தாட்சண்யம் காரணமல்ல. அவர் சொன்னது அவருடைய அபிப்பிராயமே அல்ல; நம் எல்லோருடைய நெற்றியிலும் பள்ளிக்கூடத்தில் ஒட்டப்பட்டு, பிறகு ஒருமுறைகூடப் பிய்த்துப் பார்க்கப்படாத ஒரு சீட்டு அது. ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று நாலு பக்கம் விசாரிக்கிற நாம், விஞ்ஞானம் என்ற பெயரில் வரும் வாக்கியத்தை மட்டும் கைகட்டி வாய்பொத்திக் கேட்டுக்கொள்கிறோம். விஞ்ஞானத்தின்மேல் உள்ள மரியாதையினால் அல்ல. விஞ்ஞானத்தைப் படிக்காததினால். நம் தாத்தாக்கள் பிரம்மா எழுதின எழுத்து என்றார்கள். நாம் பகுத்தறிவுள்ளவர்கள், குரோமோஸோமில் எழுதியிருக்கிறது என்கிறோம். எழுதினவன் பெயர் மாறியிருக்கிறது. படிக்காமலே நம்புகிற பழக்கம் மாறவில்லை.

முதலில் அந்த எழுத்தையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் குரோமோஸோம் எக்ஸ் வடிவத்தில் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. 1891-ல் ஹெர்மன் ஹென்கிங் என்ற ஜெர்மானியர் ஒரு பூச்சியின் விந்தணுக்களை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பாதி விந்தணுக்களுக்கு மட்டும் போய்ச்சேர்கிற ஒரு பொருளைக் கண்டார். அது குரோமோஸோம்தானா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடுகிற எழுத்தை அதற்கு இட்டுவைத்தார். ஒய் என்பது அகரவரிசையில் அடுத்து வருவதால் பின்னால் வந்த பெயர். பத்து வருஷம் கழித்து அமெரிக்காவில் மக்ளங் என்பவர் இந்தப் பொருளுக்கும் ஆண் பெண் என்பதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்று சரியாக ஊகித்தார். ஆனால் அதுதான் ஆணை உண்டாக்குகிறது என்று தலைகீழாக ஊகித்தார். 1905-ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி மாவில் வளரும் வண்டினத்தை ஆராய்ந்து, பெண்ணில் 20 பெரிய குரோமோஸோம்கள், ஆணில் 19 பெரியதும் ஒரு சின்னதும் என்று கண்டு சொன்னார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்ஸனும் வேறு பூச்சிகளைக்கொண்டு அதே முடிவுக்கு வந்தார். மனிதனுக்கு வந்தால், 1923-ல் பெயின்டர் என்ற விஞ்ஞானி எண்ணிப்பார்த்து 48 குரோமோஸோம்கள் என்றார். முப்பது வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்க 48 என்றே படித்தது. 1956-ல்தான் ஸ்வீடனில் ட்ஜியோவும் லெவானும் 46 என்று திருத்தினார்கள். கண்ணால் எண்ணக்கூடிய விஷயத்தில் இந்த நிலைமை.

விஞ்ஞானத்தைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. தன் கணக்கைத் தானே மறுபடி எண்ணித் திருத்திக்கொண்டதுதான் அதன் பெருமை. நம் விமர்சனத்தில் முப்பது வருஷத்துக்கு முன் யாரோ எண்ணிவைத்ததை நாம் ஒருமுறையாவது மறுபடி எண்ணியிருக்கிறோமா? எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் என்று நண்பர் மாடியில் உச்சாடனம் செய்தது விஞ்ஞானம் அல்ல. விஞ்ஞானம் எப்போதோ கடந்துபோன ஒரு படிக்கட்டு.

நடப்பது என்ன? மனிதக் கருவுக்கு முதல் ஆறு வாரங்கள் உடலமைப்பில் ஆண் என்றோ பெண் என்றோ எதுவும் இல்லை. குரோமோஸோம் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே மாதிரியான ஒரு ஜோடி முளைகள். விரையாகவும் ஆகலாம், சினைப்பையாகவும் ஆகலாம். பக்கத்தில் இரண்டு ஜோடிக் குழாய்கள்: ஒரு ஜோடி கருப்பையாகக்கூடியது, இன்னொன்று விந்துக் குழாயாகக்கூடியது. எல்லோருக்கும் இரண்டும் உண்டு. ஆறாவது ஏழாவது வாரத்தில் ஒய் குரோமோஸோமின் ஒரு நுனியில் இருக்கிற சின்ன ஜீன் ஒன்று கொஞ்ச காலத்துக்கு விழித்துக்கொள்கிறது. எஸ்ஆர்ஒய் என்று பெயர். 1990-ல் லண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. அது உண்டாக்குகிற புரதம் 204 அமினோ அமிலங்களால் ஆனது. அந்தப் புரதம் 17-ம் குரோமோஸோமில் உள்ள ஸாக்ஸ்9 என்ற ஜீனை எழுப்பிவிடுகிறது. ஸாக்ஸ்9 முளையை விரையாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. விரை இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஒன்று கருப்பையாக வேண்டிய குழாயைக் கரைக்கிறது. இன்னொன்றான டெஸ்டோஸ்டிரோன் ஆண் உறுப்புக்களை வளர்க்கிறது. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் இருந்தால் மட்டும் போதாது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் திசுக்களில் இருக்கவேண்டும்.

வீடு கட்டுகிற இடத்தில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த மாதிரிதான் இது. முதல் ஆள் கையில் செங்கல் இருப்பதால் மேலே சுவர் எழும்பிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நடுவில் ஒருவர் கையைக் கீழே விட்டால், அல்லது வேறு பக்கத்திலிருந்து ஒரு செங்கல் வந்தால், எழும்பும் சுவர் வேறு. நம் விமர்சகர் முதல் ஆளைப் பார்த்துவிட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கிறார்.

உதாரணங்கள் கற்பனை அல்ல. எக்ஸ்ஒய் உள்ள ஒருவருக்கு விரை உள்ளே உருவாகிறது, டெஸ்டோஸ்டிரோன் குறைவின்றிச் சுரக்கிறது, ஏற்பி மட்டும் வேலை செய்யவில்லை. பிறப்பது பெண் குழந்தை. பெண்ணாகவே வளர்கிறாள். பருவத்தில் மார்பகமும் வளர்கிறது. கருப்பை இல்லாததால் மாதவிடாய் வராது. பெரும்பாலும் அப்போதுதான் டாக்டரிடம் போகிறார்கள். ஜான் மோரிஸ் 1953-ல் இதை விரிவாக எழுதினார். ஆண்ட்ரோஜனை உணராமை என்று இன்று பெயர். இந்த ஏற்பியின் ஜீன் எங்கே இருக்கிறது தெரியுமா? எக்ஸ் குரோமோஸோமில். அதாவது ஒவ்வொரு ஆணும் தன் ஆண்மைக்கு வேண்டிய ஏற்பியைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறான். ஆண்மை ஆண்மை என்று மீசையை முறுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொருவருக்கும் எக்ஸ்ஒய்தான். ஆனால் முளை விரையாகவே ஆகவில்லை. வெறும் நாராக நின்றுவிட்டது. கருப்பை இருக்கிறது. ஸ்வையர் 1955-ல் விவரித்தார். இப்படிப்பட்ட பெண்கள் தானமாகப் பெற்ற கருமுட்டையைக்கொண்டு கர்ப்பம் தரித்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். எக்ஸ்ஒய் என்றால் ஆண் என்ற சூத்திரத்தை அந்தப் பிரசவ அறையில் போய்ச் சொல்ல நண்பருக்குத் தைரியம் உண்டா? மூன்றாமவர் எக்ஸ்எக்ஸ். தகப்பனின் உடம்பில் விந்தணு உருவாகும்போது எக்ஸும் ஒய்யும் நுனிகளில் கொஞ்சம் சரக்கை மாற்றிக்கொள்வது வழக்கம். சில சமயம் எல்லை தவறி எஸ்ஆர்ஒய் எக்ஸ் பக்கம் போய்விடுகிறது. பிறப்பது ஆண். அவருக்குப் பிள்ளை பிறக்காது, விந்தணுவுக்கு வேண்டிய மற்ற ஜீன்கள் ஒய்யிலேயே தங்கிவிட்டதால். மற்றபடி உங்களைப்போல் என்னைப்போல் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போகிறார். நம் எட்டுப் பேரில் எவரும் குரோமோஸோமைச் சோதித்துப் பார்த்ததில்லை. எட்டுப் பேரும் தன்னுடையது இன்னது என்று சத்தியம் செய்யத் தயார். இதற்குப் பெயர் விஞ்ஞானமா, பக்தியா?

இன்னும் இருக்கிறது. எக்ஸ்எக்ஸ் குழந்தைக்கு 6-ம் குரோமோஸோமில் உள்ள ஒரு ஜீன் பழுதுபட்டால் அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோன்களை அளவுக்குமேல் சுரக்கிறது. உள்ளே சினைப்பை, கருப்பை எல்லாம் சரியாக இருக்க, வெளித்தோற்றம் ஆண்போல அமையலாம். 2-ம் குரோமோஸோமில் வேறொரு ஜீன் பழுதுபட்டால், எக்ஸ்ஒய் குழந்தை பிறக்கும்போது பெண்போலத் தோன்றிப் பருவத்தில் ஆண் உடம்பாக மாறுகிறது. டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்தில் இப்படிப் பல குடும்பங்கள் இருப்பதை 1974-ல் இம்பெராட்டோ-மக்கின்லி என்ற பெண்மணியும் சகாக்களும் வெளியிட்டார்கள். 2, 6, 17 எல்லாம் நண்பரின் சூத்திரத்தில் இல்லாத எண்கள். பால் என்பது அந்த இரண்டு எழுத்துக்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்றால் இவற்றுக்கு அங்கே என்ன வேலை?

விஞ்ஞானிகளும் நம்மைப் போல உருவகத்தில் விழுந்திருக்கிறார்கள். 1947-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் முயல் கருக்களின் பாலுறுப்பு முளையை அறுத்தெடுத்துப் பார்த்தபோது எல்லாம் பெண் உடம்பாக வளர்ந்தன. அருமையான பரிசோதனை. அதிலிருந்து பாடப்புத்தகங்கள் எடுத்த பாடம்: ஆண் என்பது ஒரு செயல், ஒன்றும் நடக்காமல் போனால் மிஞ்சுவது பெண். பல பத்தாண்டுகள் சினைப்பை எப்படி உண்டாகிறது என்று கேட்கவே ஆளில்லை. ஒன்றும் நடக்காத இடத்தில் என்ன கேட்பது? பிறகு கேட்டார்கள். 2006-ல் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் 1-ம் குரோமோஸோமில் உள்ள ஒரு ஜீன் பழுதுபட்டு, எஸ்ஆர்ஒய் இல்லாமலே எக்ஸ்எக்ஸ் பிறவிகள் ஆணாகியிருப்பது தெரிந்தது. 2009-ல் வளர்ந்த பெண் எலிகளில் ஃபாக்ஸ்எல்2 என்ற ஒரே ஜீனை அணைத்தார்கள். சினைப்பையின் செல்கள் விரையின் செல்களாக மாறத் தொடங்கின. அதாவது சினைப்பை சும்மா இருப்பதால் சினைப்பை அல்ல. ஆயுள் முழுவதும் தன்னைச் சினைப்பையாக வைத்துக்கொள்ளும் வேலையை அது செய்துகொண்டே இருக்கிறது. 'பெண் என்றால் ஒன்றும் நடக்காதது' என்ற பழைய ஆண் கற்பனை ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்து அரை நூற்றாண்டு உட்கார்ந்திருந்தது. உருவகங்களைத் துருவிப் பார்ப்பது நம் தொழில். அந்த வேலையை அங்கே செய்யாமல், பழசாகி அவர்களே வெளியே எறிந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்து இங்கே தீர்ப்பாக விற்கிறோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் திரிக்கவேண்டாம். இனப்பெருக்கத்துக்கு வேண்டியது கருமுட்டையும் விந்தணுவும், இரண்டே. மூன்றாவது வகை கிடையாது. பெரும்பாலோருடைய உடம்பில் அந்தச் செங்கல் வரிசை தடையில்லாமல் போய் இரண்டில் ஒரு வீடாக முடிகிறது. இதை நான் மறுக்கவில்லை. இடைபாலினம் என்று நாம் இன்று சொல்கிறவர்களில் பலர் தங்களைப் பெண் என்றோ ஆண் என்றோ தெளிவாகச் சொல்லிக்கொண்டு வாழ்கிறவர்கள். நம் தத்துவத்துக்கு வசதியாக மூன்றாவது பெட்டியில் போய் உட்கார அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல. நான் மறுப்பது இதைத்தான்: இரண்டு அணுக்கள் உண்டு என்பதிலிருந்து, எதிரே நிற்கிற ஒரு மனிதர் யார் என்பதை அவர் ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் தீர்த்துவிடும் என்று தாவுவது. அந்தத் தாவல் அறியாமை. அதிகாரத்தோடு சேரும்போது கொடுமை.

கொடுமை என்பது மிகையல்ல. விளையாட்டு ஸ்தாபனங்கள் இதைச் செய்துபார்த்தன. 1967-ல் போலந்தின் ஓட்டக்காரி ஏவா க்ளோபுகோவ்ஸ்காவைக் குரோமோஸோம் சோதனையில் தவறிவிட்டாள் என்று போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கிலிருந்து பெண்களின் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டியெடுத்துப் பார்ப்பது விதியாயிற்று. 1985-ல் ஜப்பானில் கோபே நகரில் ஸ்பெயின் நாட்டு வீராங்கனை மரியா ஹோஸே மார்த்தினெஸ்-பாட்டினோ சோதனையில் 'தவறினார்'. அவருக்கு இருந்தது நான் மேலே சொன்ன ஆண்ட்ரோஜனை உணராமை. விரை சுரந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ள ஏற்பி இல்லாதவர். ஓட்டத்தில் அவருக்கு அதனால் கிடைக்கக்கூடிய லாபம் எதுவும் இல்லை. பதக்கங்களை, பதிவுகளைப் பறித்தார்கள். தனியாக நின்று வாதாடி 1988-ல் திரும்ப வந்தார். 1996 அட்லாண்டாவில் 3387 பெண்களைச் சோதித்தார்கள்; 8 பேருக்கு எஸ்ஆர்ஒய் இருந்தது; விசாரித்து எட்டுப் பேரையும் ஓடவிட்டார்கள். அப்படியானால் சோதனை எதற்கு? 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி அதைக் கைவிட்டது.

கைவிட்டதை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகளச் சம்மேளனம் பெண்கள் பிரிவுக்கு எஸ்ஆர்ஒய் சோதனையை விதியாக்கியது. அந்த ஜீனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஸின்க்ளேர், அந்த ஜீன் இருக்கிறது இல்லை என்று மட்டும்தான் சோதனை சொல்லும், அது வேலை செய்கிறதா, விரை உண்டாயிற்றா, ஹார்மோனை உடம்பு வாங்கிக்கொள்கிறதா என்பதைச் சொல்லாது என்று பகிரங்கமாக எதிர்த்தார். ஏற்பி முற்றிலும் இயங்காதவர்களுக்கு அந்த விதியே விலக்கு அளிக்கிறது. விலக்கு எழுதவேண்டி வந்ததே ஜீன் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம்தான். போட்டியில் நியாயம் எது என்பது அற்பமான கேள்வி என்று நான் சொல்லவில்லை. கஷ்டமான கேள்வி. கஷ்டமான கேள்விக்குச் சுலபமான விடை கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதெல்லாம் ஐரோப்பா அமெரிக்கா விஷயம் என்று ஒதுக்கமுடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். சில நாட்களில் பாலினச் சோதனையில் தவறினார் என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு டாக்டருக்கும் ஒரு நோயாளிக்கும் இடையில் இருக்கவேண்டிய விஷயம் உலகப் பத்திரிகைகளின் செய்தியாயிற்று. குரோமோஸோம் என்ற வார்த்தையைத் தெருவில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சொன்னார்கள். தமிழ்நாடு அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது, அதைச் சொல்லவேண்டும். 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலிவேலை செய்கிறார் என்று செய்தி வந்தது, அதையும் சொல்லவேண்டும். பின்னால் அவர் பயிற்சியாளராகி மற்றவர்களை ஓடவைத்தார். இவ்வளவும் நடந்தபோது நாம் என்ன எழுதினோம்? நான் ஒரு வரி எழுதவில்லை. எனக்குத் தெரிந்த நண்பர்கள் ஒருவரும் எழுதவில்லை. அந்த மாதங்களில் நாம் படிமம் செத்துவிட்டதா இல்லையா என்று ஆக்ரோஷமாக விவாதித்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் எதிர்முகாம் நண்பர்கள் கைதட்டத் தயாராக இருப்பது தெரிகிறது. உடம்பு என்பதே மொழி கட்டியது, எல்லாம் சொல்லாடல், குரோமோஸோமும் ஒரு கதையாடல் என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள். கைகளைக் கீழே போடுங்கள். உங்கள் சரக்கும் கத்திக்கு உதவியிருக்கிறது. 1950களில் பால்டிமோரில் ஜான் மணி என்ற உளவியலாளர், குழந்தை ஏறக்குறைய ஒன்றரை இரண்டு வயதுவரை எழுதப்படாத பலகை, எப்படி வளர்க்கிறோமோ அப்படி ஆகும் என்றார். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் சொல்வதையே சொன்னார். அதன் பலன், சந்தேகமான உறுப்போடு பிறந்த குழந்தைகளை விவரம் தெரியும் முன்னே வெட்டித் தைத்து, விஷயத்தை மறைத்து வளர்ப்பது உலகம் முழுவதும் மருத்துவ வழக்கமாயிற்று. இடைபாலினம் அல்லாத ஒரு பையனுக்குச் சுன்னத்தின்போது உறுப்பு பாழாக, மணியின் யோசனைப்படி பெண்ணாக்கி வளர்த்தார்கள். டேவிட் ரைமர் என்று பின்னால் தன் பெயரை வெளியிட்டுப் பேசினார். பதினாலு வயதில் உண்மை தெரிந்து ஆணாக வாழத் தொடங்கியவர் 2004-ல் தற்கொலை செய்துகொண்டார். உடம்பு தலையெழுத்து அல்ல. வெற்றுக் காகிதமும் அல்ல. இரண்டு முகாமும் சேர்ந்து மறந்தது ஒன்றைத்தான்: அந்த உடம்புக்குள் இருப்பவரைக் கேட்பது.

கேட்கவேண்டும் என்று நம் ஊரில் சொன்னது இலக்கியம் அல்ல, கோர்ட். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைபாலினக் குழந்தைகளுக்கு இந்த 'சரிசெய்யும்' அறுவைச் சிகிச்சை கூடாது, பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றது. அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி தடை என்று ஆணை போட்டது. இந்தியாவில் முதல் தடை. நம் பத்திரிகைகளில் இதைப் பற்றி வாசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மூன்றாவது கோஷ்டி ஒன்று உண்டு. 'இதெல்லாம் நம் முன்னோருக்குத் தெரியாததா? அர்த்தநாரீஸ்வரர் இல்லையா?' என்கிறவர்கள். சிலைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, வாசலில் கை நீட்டுகிறவரை விரட்டுகிற நாட்டில் இந்தப் பெருமைக்கு என்ன மதிப்பு? இலக்கணத்தைப் பாருங்கள். தமிழில் பால் என்பது ஐந்து. அதில் ஒருமை பன்மையும் அடக்கம். தொல்காப்பியர், ஆண் தன்மை மாறியவரைச் சுட்டும் பெயருக்குத் தனக்கென்று ஓர் ஈறு கிடையாது, உயர்திணையில் உள்ள ஈறுகளைக்கொண்டே பால் பிரிந்து நடக்கும் என்று விதி செய்கிறார். ஆள் இருக்கிறார், ஈறு இல்லை என்று ஒப்புக்கொள்கிற அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. நன்னூல் இன்னும் ஒரு படி போய், இவர்களை அஃறிணை போலவும் கொள்ளலாம் என்கிறது. மனிதரை அது என்று சொல்ல இலக்கணத்தில் இடம் கொடுத்த மரபு இது. பெருமைப்படுவதானால் இதையும் சேர்த்துப் பெருமைப்படுங்கள்.

கடைசியாக எண்ணிக்கை. 'எல்லாம் எங்கோ லட்சத்தில் ஒன்று, விதிவிலக்கை வைத்து விதியைப் பேசாதே' என்பார்கள். எத்தனை பேர் என்பது எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2000-ல் ஆன் ஃபாஸ்டோ-ஸ்டெர்லிங்கும் சகாக்களும் எல்லா வித்தியாசங்களையும் கூட்டி 100-க்கு 1.7 என்றார்கள். அதில் பெரும்பகுதி, பிறக்கும்போது ஒன்றும் தெரியாத ஒரு அட்ரீனல் கோளாறு. 2002-ல் லியோனார்ட் ஸாக்ஸ் அதையும் வேறு சிலவற்றையும் கழித்துவிட்டு 100-க்கு 0.018 என்றார். கிட்டத்தட்ட நூறு மடங்கு வித்தியாசம். பெரிய எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அசட்டுத்தனம், சின்ன எண்ணைக் காட்டி மூடுவதும் அசட்டுத்தனம். எனக்குச் சின்ன எண்ணே போதும். முன்னூறு பிரதி அச்சடித்து, அதில் நூறு விற்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கிற பத்திரிகையில் எழுதிக்கொண்டு, எண்ணிக்கை குறைவு என்பதை ஒரு வாதமாக முன்வைக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இவ்வளவு எழுதினதற்குக் காரணம் மாடியில் நடந்த பேச்சு மட்டுமல்ல. பல வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு விமர்சனம் எழுதினேன். அந்தக் கவிதைகள் எதையும் துணிந்து சொல்லாமல் இரண்டு பக்கமும் தலையாட்டுகின்றன என்று எனக்குப் பட்டது. சரியான கணிப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல 'அலித்தனம்' என்ற வார்த்தையைப் போட்டேன். நண்பர்கள் சிலாகித்தார்கள். நம் விமர்சனத்தில் இது புதிதல்ல. ஆண்மையுள்ள நடை, பேடித்தனம், மலட்டுக் கவிதை என்று வைத்தியர் பட்டியல் மாதிரி வைத்திருக்கிறோம். அடுத்த இதழ் வருமுன் ஒரு போஸ்ட்கார்டு வந்தது. கையெழுத்து இல்லை. நலம் விசாரிப்பு இல்லை. இரண்டே வரி: நீங்கள் உபமானமாக உபயோகித்திருப்பதை நேரில் பார்த்திருக்கிறீர்களா, பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா என்று.

நான் பார்த்ததில்லை. அதாவது, பார்த்திருப்பேன், பஸ்ஸில், ஆபீஸில், ஒருவேளை நம் கூட்டங்களிலேயே. பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. உபமானத்தை அறியாமல் உவமை எழுதுகிறவனைக் கவி என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை. நான் அதைத்தான் செய்திருந்தேன். இரண்டு பக்கமும் தலையாட்டுவது கோழைத்தனம். இரண்டில் ஒன்றில் அடங்காத உடம்போடு பள்ளிக்கூடம் போய், ஆஸ்பத்திரியில் ஆடை களைந்து நின்று, கல்யாண வீட்டில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வாழ்வது கோழைத்தனம் அல்ல. என் உவமை நியாயமற்றது என்பது இரண்டாம் பட்சம். அது பொய்.

கார்டுக்கு விலாசம் இல்லாததால் பதில் எழுதமுடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்திரிகையில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏன் என்றால் அன்று என்னிடமும் அந்தச் சீட்டுத்தான் இருந்தது: எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய், மற்றதெல்லாம் கவிதை. இந்த இதழை அவர் பார்ப்பாரா தெரியாது. பார்த்தால், அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கட்டுரை மறுபடி அச்சாவதானால் அந்த வரியைத் திருத்தி, திருத்தினேன் என்ற குறிப்போடுதான் அச்சாகும்.

மாடியில் தீர்ப்புச் சொன்ன நண்பருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் விஞ்ஞானத்தை அழைப்பதானால், அதையும் ஒரு கவிதையைப் படிக்கிற சிரத்தையோடு படித்துவிட்டு வாருங்கள். மறுப்பதானால் இதே பத்திரிகையில் மறுத்து எழுதுங்கள். மறுபடி டீயைக் குடித்துவிட்டுக் கலைந்துபோக எனக்கு விருப்பமில்லை.